மணலெழுத்தும் சட்டாம்பிள்ளையும்

இலங்கைத் தீவின் மேற்குக் கரையிலே, சிலாபத்துக்கு வடக்கே, ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் புத்தளக் களப்பும் சூழக் கிடப்பது கற்பிட்டிக் குடாநாடு. தென்னந்தோட்டங்களும், உப்பளங்களும், மீன்வாடிகளும் நிறைந்த அந்நிலத்துக்கு இயற்கை வரையாது வழங்கிய பொருள் ஒன்றுண்டு, அது மணல். கரையோர மக்கள் அம்மணலிலே வலை உலர்த்தினர். மீனைப் பரப்பிக் காயவைத்தனர். கரும்பலகையும் காகிதமும் அருமையாக இருந்த காலத்தில், தமிழ்க் குழந்தையின் முதற் பலகையும் மணலாகவே இருந்தது. சுட்டுவிரலால் அகரத்தை வரைந்து, வாயால் அதனை ஒலித்து, உள்ளங்கையால் அழித்து மீண்டும் வரைந்து கற்ற கல்வி அது.

அந்த மணலெழுத்து உலகின் பெரும்பகுதியைச் சுற்றிவந்த கதை சுவையானது. அக்கதை சுவைக்காக மட்டும் கேட்கத் தக்கதன்று. ஒரு பாடசாலையில் எழுத்தறிவு உயர வேண்டுமாயின், கற்றோர் ஒருவருக்கொருவர் எவ்வாறு துணை நிற்க வேண்டும் என்பதையும், அத்துணை எப்போது பயன்படும், எப்போது பாழ்படும் என்பதையும் அது தெளிவாக உணர்த்துகின்றது.

புத்தளக் கரைக்கு எழுத்து ஒரு வாசலால் மட்டும் வந்து சேரவில்லை. உடப்பு போன்ற தமிழ்ச் சிற்றூர்களில் ஏடு தொடக்குதல் என்னும் சடங்கோடு குழந்தையின் கல்வி தொடங்கிற்று. முஸ்லிம் ஊர்களில் ஓதப்பள்ளி இருந்தது. அங்கே சிறுவர் மரப்பலகையில் எழுதிய திருவசனங்களை ஓதிப் பழகினர். அரபு எழுத்திலே தமிழை எழுதும் அரபுத்தமிழ் அவர்கள் வழியாக வளர்ந்தது. போர்த்துக்கேயரும் அவர்கள் பின் வந்த ஒல்லாந்தரும் கோயில்களோடு பாடசாலைகளையும் நிறுவினர். 1667 ஆம் ஆண்டு முதல் கற்பிட்டியிலே கோட்டை கட்டிய ஒல்லாந்தர், தம் ஆட்சிக்குட்பட்ட ஊர்களில் பாடசாலை உபாத்தியாயரிடமே பிறப்பு, விவாகம் முதலியவற்றைப் பதியும் தோம்பினையும் ஒப்படைத்திருந்தனர். அதனால் உபாத்தியாயர் ஊரின் ஆசிரியராகவும் ஊரின் எழுத்தராகவும் விளங்கினார்.

சமயம் வேறாயினும் பழைய பள்ளிகள் பலவற்றிலும் பொதுவாக நிலவிய வழக்கம் ஒன்றிருந்தது. ஆசிரியர் ஒருவரே, மாணாக்கரோ பல நிலையினர். ஒருவன் அரிச்சுவடியின் முதலேட்டில் இருப்பான். மற்றொருவன் எண்சுவடியை முடித்திருப்பான். ஆகவே மூத்தவன் இளையவனின் பாடத்தைக் கேட்பதும், தடுமாறிய இடத்தில் எடுத்துக் கொடுப்பதும் நாளாந்த முறையாயிற்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அவ்வாறு துணை நின்ற மாணவனைச் சட்டாம்பிள்ளை என்றனர். ஈழநாட்டு வழக்கிலே சட்டம்பியார் என்னும் சொல் ஆசிரியரையே குறிக்கலாயிற்று. உடன்கற்றோருக்குச் சொல்லிக் கொடுத்துப் பழகியவனே பின்னர் ஆசிரியனாகின்றான் என்னும் உண்மை அச்சொல்லிலே பொதிந்திருக்கின்றது.

அயல்நாட்டார் இம்முறையைக் கண்டு வியந்தனர். 1623 ஆம் ஆண்டிலே பியேத்ரோ தெல்லா வாலே என்னும் இத்தாலிய யாத்திரிகர் கன்னட நாட்டு இக்கேரிப் பகுதியிற் பயணஞ் செய்தார். அங்கே ஒரு கோயில் முகப்பில், தரையில் மென்மணலைப் பரப்பி, விரலால் எண்களை எழுதி, இசையோடு ஒலித்துக் கணக்குப் பயின்ற சிறுவர் நால்வரைக் கண்டார். ஆசிரியர் அருகில் இல்லை. மறந்துபோனால் திருத்துவார் யார் என அவர் வினவினார். நால்வரும் ஒருங்கே மறத்தல் இயலாதென்றும், ஒருவன் மறந்ததை மற்றவன் நினைவூட்டுவான் என்றும் அவர்கள் விடையளித்தனர்.

இம்முறை கடல் கடந்த வரலாறு சென்னையிலே தொடங்குகின்றது. ஸ்கொத்லாந்து தேசத்தவரான அண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787 இல் சென்னைக்கு வந்து, 1789 முதல் எழும்பூரில் இருந்த இராணுவ அநாதைச் சிறுவர் சாலையின் மேற்பார்வையாளராயினார். ஐரோப்பியப் போர்வீரரின் பிள்ளைகளான அச்சிறுவர்க்கு நெடுங்கணக்குக் கற்பிக்கச் சம்பளம் பெற்ற ஆசிரியர்களே தடுமாறினர். ஒருநாள் குதிரைமீது சென்றபோது, ஒரு மலபார்ப் பள்ளியிலே சிறுவர் நிலத்தில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பெல் கண்டார். அக்கால ஆங்கிலேயர் தமிழரையும் மலபாரிகள் என்றே அழைத்தனர் என்பதை நேயர்கள் இங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும். தம் சாலையிலும் அவ்வாறே செய்யுமாறு அவர் பணித்தார். ஆசிரியர்கள் அஃது இயலாதென்றனர். பெல் தளரவில்லை. ஜோன் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அகரவரிசை வகுப்பை ஒப்படைத்தார். வளர்ந்தோர் இயலாதென்றதைச் சிறுவன் செய்து காட்டினான்.

1796 இல் சென்னையை விட்டு நீங்கிய பெல், அடுத்த ஆண்டிலே அம்முறையை விளக்கும் நூலை இலண்டனில் வெளியிட்டார். 1798 இல் ஜோசப் லங்காஸ்டர் என்பவர் இலண்டன் நகரின் தென்பகுதியிலே ஏழைச் சிறுவர்க்கெனப் பாடசாலை தொடங்கி, அதை ஒத்த முறையைக் கையாண்டார். அதனைக் கண்டவர் யார் என்று இருவர் பக்கத்தாரும் நெடுங்காலம் வாதிட்டனர். தமிழ்நாட்டுத் திண்ணையிலே அமர்ந்திருந்த பெயர் தெரியாத சட்டாம்பிள்ளையின் உரிமையைப் பற்றி அவ்வாதத்திற் பேசியவர் அரியர்.

இவ்வரலாறு இலங்கையைத் தொட்ட இடமும் ஒன்றுண்டு. பெல் நீங்கிய பின்னர் எழும்பூர்ச் சாலையிற் பணியாற்ற 1797 இல் வந்தவர் ஜேம்ஸ் கோர்டினர் என்னும் இளம் பாதிரியார். அவர் விரைவில் இலங்கைக்கு வந்து, தேசாதிபதி பிரெடரிக் நோர்த்தின் ஆட்சியிலே கொழும்பில் மதகுருவாகவும் பாடசாலைகளின் தலைவராகவும் நியமனம் பெற்றார். சென்னையின் முறையை நேரிற் கண்ட ஒருவரிடமே இத்தீவின் பாடசாலைகள் ஒப்படைக்கப்பட்டன. ஒல்லாந்தர் காலத்துக் கோயிற்பற்றுப் பாடசாலைகளுக்கு மீண்டும் உயிரூட்டினர். 1801 இல் அத்தகைய பாடசாலைகள் 170 இருந்தனவெனக் கோர்டினர் எழுதியுள்ளார். ஆயின் 1803 இல் செலவைக் குறைக்குமாறு இலண்டனிலிருந்து கட்டளை பிறந்தது. கிராமத்து உபாத்தியாயரின் சிறு சம்பளம் நிறுத்தப்பட்டது. பாடசாலைகள் பல தளர்ந்தன. அறிவை நேசிக்கும் சிறுவர் இருந்தாலும், மூத்த மாணவர் இருந்தாலும், அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர் இல்லையேல் பள்ளி நில்லாது என்பதை அவ்வாண்டு மெய்ப்பித்தது.

அதற்கு நான்கு ஆண்டுகளின் பின், 1807 இல், கற்பிட்டியிலே பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. பன்மொழிப் பயிற்சியும் அரசாங்க சேவையும் வாய்ந்த அப்பெருமகன், 1834 இல் இலங்கையின் ஊர்களையும் குடிகளையும் அகரவரிசையில் விளக்கும் அகராதியை ஆங்கிலத்தில் வெளியிட்டார். சட்ட நிரூபண சபையின் அங்கத்தவராக விளங்கினார். 1841 இல் ‘உதயாதித்தன்’ என்னும் தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கினார். ஏறத்தாழ 200 தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்து, ‘தமிழ் புளூட்டார்க்’ என்னும் பெயரில் 1859 இல் நூலாக்கினார். அவர் செய்த பணி யாது? கேட்டதை எழுதினார், எழுதியதை ஒப்புநோக்கினார், ஐயுற்றதை ஆராய்ந்தார். வாசிப்பு என்பதன் முழுப் பொருளும் அதுவே. ஒப்புவித்தலோடு நின்றிருந்தால் கற்பிட்டி அத்தகைய ஒருவரைத் தந்திராது.

ஒப்புவித்தலுக்கும் வாசித்தலுக்கும் உள்ள இவ்வேறுபாடே சட்டாம்பிள்ளை முறையின் பிற்கால வரலாற்றைத் தீர்மானித்தது. சென்னைத் தேசாதிபதி தோமஸ் மன்றோ 1822 இல் தம் மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். கிடைத்த விவரங்களின்படி 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் பயின்றனர். அக்கணக்கெடுப்பில் பெல்லாரி மாவட்டத்துக் கலெக்டர் காம்பெல் 1823 இல் அனுப்பிய அறிக்கை இன்றும் படிக்கத் தக்கது. முந்திவந்த மாணவனின் உள்ளங்கையில் கலைமகளின் பெயரை எழுதுவர், பிந்தி வருவோர்க்கு வரிசைப்படி அடியும் விழும் என்பன போன்ற செய்திகளையும் அவர் குறித்துள்ளார். மூத்தவன் இளையவனுக்குக் கற்பித்துத் தன் அறிவையும் உறுதிசெய்து கொள்ளும் முறை மெச்சத்தக்கது, இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தகும் என அவர் பாராட்டினார். அதே அறிக்கையிலே அவர் காட்டிய குறைகள் இரண்டு. பேச்சு வழக்கினின்றும் விலகிய செய்யுளைப் பொருளறியாது கிளிபோல் ஒப்புவிக்கின்றனர் என்பது ஒன்று. தகுதிவாய்ந்த ஆசிரியர் போதாமை மற்றொன்று. நெசவுத் தொழில் நலிந்து குடிமக்கள் வறுமையுற்றதால், முன்னர்ப் பள்ளி இருந்த ஊர்கள் பலவற்றில் இப்போது பள்ளியே இல்லை என்றும் அவர் மறையாது எழுதினார்.

மேல்நாடு திண்ணையினின்றும் கடன்பெற்றபோது அதன் நன்மையோடு குறையையும் சேர்த்தே கடன்பெற்றது. குறை அங்கே பெருகிற்று. ஓர் ஆசிரியர் ஆயிரம் சிறுவரை ஒரே கூடத்தில் வைத்து நடத்தலாம் என லங்காஸ்டர் காட்டினார். செலவு குறைவென அரசியலார் மகிழ்ந்தனர். சட்டாம்பிள்ளை தனக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்ல முடியும். பொருள் வினவிய சிறுவனுக்கு அவனால் விடைகூற இயலாது. ஆகவே வாசிப்பு பயிற்சியாகவும், பயிற்சி வெற்றொலியாகவும் தேய்ந்தது. ஏழையின் பிள்ளைக்கு எழுத்தும் கணக்கும் கற்பிப்பதுகூடத் தம் நோக்கமன்று எனப் பெல் பின்னாளில் எழுதினார். மணலில் எழுதிய சிறுவரைக் கண்டு தொடங்கிய முறை, எழுதுவதே ஏழைக்கு வேண்டாம் என்னுமிடத்தில் வந்து நின்றது. அடக்கமாகக் கூறினும் இது வருந்தத்தக்க முடிவேயாகும்.

இக்குறையை இங்கிலாந்தே உணர்ந்தது. 1846 முதல், தேர்ந்த மாணவரை ஆசிரியரின் கீழ் ஐந்தாண்டு பயிற்றி, அதன் பின்னரே ஆசிரியராக்கும் ஏற்பாடு தோன்றிற்று. சொல்லிக் கொடுப்பவன் முதலிற் கற்றிருக்க வேண்டும் என்ற எளிய உண்மைக்கு ஐம்பது ஆண்டுகள் சென்றன. ஆனால் 1862 இல் வேறொரு தீமை புகுந்தது. வித்தியாதரிசியின் முன்னிலையில் பிள்ளைகள் பெறும் பெறுபேற்றுக்கு ஏற்பவே பாடசாலைக்குப் பணம் என்னும் விதி அங்கே எழுந்தது. 1870 இல் இலங்கையின் நன்கொடைப் பாடசாலைகளுக்கும் அவ்விதி வந்தது. பாடசாலையின் வருவாய் பரீட்சை நாளிலே தங்கியிருந்ததால், வாசிக்கத் தெரியாத பிள்ளையும் பக்கத்தை மனனஞ் செய்து ஒப்புவிக்கத் தூண்டப்பட்டது. ஆசிரியர் அயல் ஆசிரியரிடம் தம் குறையைச் சொல்லி ஆலோசனை கேட்கும் சூழலும் கெட்டது. குறை வெளிப்பட்டால் வருவாய் குறையும் எனின், எவர்தாம் குறையை வெளியிடுவர்? விதி பின்னர் நீங்கிற்று. அது விட்டுச்சென்ற அச்சம் எளிதில் நீங்கவில்லை.

சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புக்களில் தாய்மொழியே போதனை மொழியாயிற்று. புத்தளக் கரையின் மீனவர் பிள்ளைக்கும் உப்பளத் தொழிலாளியின் பிள்ளைக்கும் பாடசாலைக் கதவு திறந்தது. எனினும் கதவு திறந்திருத்தல் வேறு. உள்ளே சென்ற பிள்ளை வாசிக்கக் கற்றுத் திரும்புதல் வேறு. பருவக்காற்று மாறும்போது குடும்பத்தோடு வாடி மாறிச் செல்லும் பிள்ளை சில மாதங்களின் பாடத்தை இழக்கின்றது. திரும்பிவரும்போது வகுப்பு முன்னேறியிருக்கும். அப்பிள்ளை மட்டும் கொம்புக்கும் காலுக்கும் வேறுபாடு அறியாது பின்வரிசையில் அமர்ந்திருக்கும்.

1990 ஆம் ஆண்டு அக்டோபரில் இக்கரையின் பாடசாலைகள் பெருஞ்சோதனைக்கு உள்ளாயின. தமிழீழ விடுதலைப் புலிகளால் வட மாகாணத்தினின்றும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ 75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. அவர்களிற் பெரும் பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில் அடைக்கலம் புகுந்தனர். மன்னார்ப் பகுதியிலிருந்து பலர் தோணிகளிலே கற்பிட்டிக் கரையை அடைந்தனர். ஓலைக் குடிசைகளில் வாழ்ந்த அம்மக்களின் பிள்ளைகளுக்கும் பாடசாலை வேண்டியிருந்தது. இருந்த வகுப்பறைகளும் நூல்களும் ஆசிரியர்களும் இருந்த பிள்ளைகளுக்கே போதாத நிலையில், வந்த பிள்ளைகளையும் ஏற்கும் கடமை இக்கரையின் மேல் விழுந்தது. வந்தோருள் ஆசிரியர்களும் இருந்தனர். அவர்களும் தம் வீட்டையும் நூல்களையும் இழந்தவர்களே. அத்தகைய நாளில் ஓர் ஆசிரியர்க்கு மற்றோர் ஆசிரியரே நூலகமாகவும் பயிற்சிக் கலாசாலையாகவும் அமைதல் இயல்பு.

பழைய சட்டாம்பிள்ளை முறையினின்றும் கைக்கொள்ள வேண்டியது இப்பொருளிலேதான் அடங்கியுள்ளது. பிள்ளை பிள்ளைக்கு உதவுதல் நன்று. அது ஆசிரியரின் இடத்தை நிரப்பாது. ஆசிரியர் ஆசிரியர்க்கு உதவுதலோ வகுப்பறை முழுவதையும் உயர்த்தும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்வியாளரான புரூஸ் ஜொய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் இதனை வலியுறுத்தினர். விரிவுரை கேட்டுத் திரும்பும் ஆசிரியர் புதிய முறையை வகுப்பறையில் அரிதாகவே நிலைநிறுத்துகின்றனர். உடன் பணிபுரிவோர் வகுப்பில் வந்திருந்து பார்த்து, பின்னர் அமர்ந்து பேசும் வாய்ப்பிருப்பின் அம்முறை வேரூன்றுகின்றது என்பது அவர்தம் கருத்து. ஜப்பானிய ஆசிரியர்கள் ஒரு பாடத்தைக் கூடித் திட்டமிட்டு, ஒருவர் கற்பிக்க ஏனையோர் நோக்கி, பின் கலந்துரையாடும் வழக்கத்தைப் பல தலைமுறைகளாகக் கைக்கொண்டு வருகின்றனர். இலங்கையிலும் 2012 ஐ அடுத்த ஆண்டுகளில் பாடசாலை மட்டத்திலேயே ஆசிரியரின் தொழிற்றிறனை வளர்க்கும் திட்டம் இடம்பெற்றது.

இத்துணை வாசிப்போடு இணையும்போது எவ்வாறு அமையும்? இரண்டாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் பாடம் நடத்துகின்றார். மூன்றாம் வகுப்பு ஆசிரியை பின்புறத்தில் அமர்ந்து, மூன்று பிள்ளைகளை மட்டும் நோக்குகின்றார். அவர் ஆசிரியைக்குப் புள்ளியிட வரவில்லை. பிள்ளையின் விரல் எந்தச் சொல்லில் நிற்கின்றது, வாய் எந்தச் சொல்லை ஒலிக்கின்றது என்பதைக் காணவே வந்தார். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ஒலிக்கும்போது அம்மூவரில் ஒரு பிள்ளையின் உதடு அயலானைப் பின்தொடர்ந்தே அசைவதை அவர் காண்கின்றார். முன்னே நிற்கும் ஆசிரியைக்கு அது புலப்படுதல் அரிது. பாடம் முடிந்தபின் இருவரும் அப்பிள்ளையைத் தனியே அழைக்கின்றனர். வரியின் தொடக்கத்தை விட்டு நடுவிலுள்ள சொல்லைக் காட்டி வாசிக்கச் சொல்கின்றனர். ‘கெ’ என்பதையும் ‘கே’ என்பதையும், ‘கொ’ என்பதையும் ‘கோ’ என்பதையும் பிள்ளை பிரித்தறிகின்றதா எனச் சோதிக்கின்றனர். முன் காணாத சிறு வாக்கியம் ஒன்றை எழுதிக் கொடுத்து, யார் சென்றார், எங்கே சென்றார் என வினவுகின்றனர். குறை எங்கே என்பது அரைமணி நேரத்தில் விளங்கிவிடும். அடுத்த வாரம் இருவரும் இடம் மாறி அமர்வர்.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. வேண்டுவன வேறு சில உள. வாரத்தில் ஒரு பாடவேளையேனும் ஆசிரியர் இருவர்க்கும் பொதுவாகக் கிடைக்க அதிபர் நேரசூசியிலே இடம் ஒதுக்க வேண்டும். அவ்வேளை வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்ப்பதற்குப் பறிபோகாதிருக்க வேண்டும். நோக்கியவர் கண்ட குறை ஆசிரியரின் தனிக்கோவைக்குள் செல்லாதென்ற உறுதி வேண்டும். இன்றேல் 1870 இன் அச்சம் வேறு பெயரில் திரும்பிவரும். புலமைப்பரிசிற் பரீட்சையில் வெல்லக்கூடிய சிலர்மீது செல்லும் கவனத்தில் ஒரு பங்கு, பின்வரிசையில் வாய் மட்டும் அசைக்கும் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். இவை இல்லாத இடத்தில் ஆசிரியர் துணை என்பது இன்னொரு படிவம் நிரப்பும் வேலையாக முடியும்.

கரைவலை இழுக்கும் காட்சியைப் புத்தளக் கரையில் வாழ்வோர் நன்கறிவர். இரு கயிறுகளையும் பலர் பற்றி ஒரே சீராக இழுத்தாலன்றி வலை நேராகக் கரை சேராது. ஒருபுறம் தளர்ந்தால் மடி சாய்ந்து மீன் நழுவும். ஒரு பாடசாலையின் ஆசிரியர்களும் அத்தகையோரே. ஒரு வகுப்பில் நழுவிய பிள்ளை அடுத்த வகுப்பிலே தானாக அகப்படுவதில்லை.

எழும்பூரில் எட்டு வயதுச் சிறுவன் செய்துகாட்டிய அருஞ்செயலை உலகம் சிக்கன வழியாகக் கொண்டு அதன் பயனை இழந்தது. இக்கேரிச் சிறுவர் நால்வரின் விடையிலோ அம்முறையின் உயிர் இருந்தது. மறத்தல் எவர்க்கும் இயல்பு. மறந்ததை நினைவூட்ட அருகில் ஒருவர் இருத்தலே பள்ளி. அந்நால்வர்க்கிடையே இருந்த அச்சமின்மை ஆசிரியர்களிடையிலும் நிலவுமாயின், புத்தளக் கரையின் கடைசி வரிசைப் பிள்ளையும் தன் பெயரைத் தானே எழுதி, எழுதியதைத் தானே வாசிக்கும்.